கையெழுத்துப் போட்டவன் ஏற வேண்டும்

ஒக்கலிபுரம், பெங்களூர்
8.11.1999

ஆம்ப்ரோஸுக்கு,

கோவிந்தராஜன் எழுதுகிறேன். எந்தக் கோவிந்தராஜன் என்று மண்டையைச் சொறியாதே, ஸ்டோர்ஸ் கோவிந்துதான். இன்னும் இருக்கிறேன். நீயும் சௌக்கியம் என்று தெரிகிறது. மேடையில் நின்று அரை மணி நேரம் பேசுகிறவன் சௌக்கியமாகத்தான் இருப்பான்.

பன்னிரண்டு வருஷமாக நமக்குள் பேச்சு இல்லை. ஒரே ஊர்தான். இரண்டு பஸ் மாறினால் உன் விவேக் நகர். ஆனால் என் முதுகு பஸ்ஸுக்கு ஒத்துக்கொள்ளாது. ஃபோனில் கூப்பிட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதில் நீ அந்தக் காலத்திலேயே கில்லாடி. அதனால் கடிதம்.

கார்கில் சண்டைக்குப் பிறகு தெருவுக்குத் தெரு பழைய பட்டாளத்தானைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துகிறார்கள். போன மாதம் ஆஸ்டின் டவுனில் உனக்கும் போர்த்தினார்களாம். அந்தக் கூட்டத்தில் என் மகள் ராதா இருந்தாள். அவளுக்கு நிச்சயம் செய்திருக்கும் பரத்தின் அப்பாதான் அந்த விழாவை நடத்திய சங்கத்தின் செயலாளர். நீ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, நேற்று தீபாவளியும் அதுவுமாக என்னிடம் கேட்டாள்: "ஆம்ப்ரோஸ் அங்கிள் ஏர்ஃபோர்ஸ்ல உங்க யூனிட்டாமேப்பா. விழுந்த ஹெலிகாப்டர்லேர்ந்து பைலட்டை இழுத்துப் போட்டாராம். அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து வேதநாயகி பதில் சொல்லிவிட்டாள். "அன்னிக்குத்தான் உங்கப்பா குடிச்சிட்டு ஏணியிலேர்ந்து விழுந்தாரு." ராதா என்னைப் பார்க்கவே இல்லை. தட்டில் இருந்த அதிரசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பரத்தின் அப்பா என் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார். குடித்துவிட்டு விழுந்து முதுகு உடைந்ததாக அதில் இருக்கிறது. கல்யாணத்தில் தாரை வார்க்க நான் வேண்டாம், வேதநாயகியின் அண்ணன் செய்யட்டும் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே, முதுகு வலிக்காரரைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று பேச்சு.

அந்த ஹெலிகாப்டரில் இருந்தவன் நான். நீ இல்லை. இது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். வேதநாயகியிடம் ஒரு தடவை சொன்னேன், இன்னும் போதை தெளியவில்லையா என்று கேட்டாள். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. நான் சொன்னால் எடுபடாது, நீ சொன்னால் எடுபடும். ராதாவுக்கு ஒரு கடிதம் எழுது. ஒரு பக்கம் போதும். உன் சால்வையை யாரும் பிடுங்க வேண்டாம், என் மகளுக்குத் தெரிந்தால் போதும். தை கடைசி வெள்ளிக்கிழமை கல்யாணம்.

கோவிந்தராஜன்


விவேக் நகர்
17.11.1999

என் அன்பு கோவிந்துக்கு,

குழந்தை இயேசுவின் ஆசீர்வாதம் உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் இருக்கட்டும். உன் எழுத்தைக் கவரின் மேலே பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது மச்சி. மரியபுஷ்பம் யார் கடிதம் என்று கேட்டாள். பழைய சிநேகிதன் என்று மட்டும் சொன்னேன். ராதாவுக்குக் கல்யாணமா! நம் பழைய குவார்ட்டர்ஸில் என் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருப்பாளே, அந்தச் சின்னதா?

இரண்டு நாளாகப் பழசெல்லாம் நினைப்பில் ஓடுகிறது. ரிப்பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் முதல் பறப்பில் பைலட்டோடு ஏற வேண்டும் என்று நம் யூனிட்டில் ஒரு வழக்கம் இருந்ததே, எவன் கொண்டுவந்தானோ. அவன் உயிரும் அதில் இருந்தால் ஒழுங்காக ஸ்க்ரூ முடுக்குவான் என்று கணக்கு. முதல் தடவை ஜெட்டில் ஏறி மாஸ்க்குக்குள்ளேயே வாந்தி எடுத்தேன். இரண்டாவது தடவை ஏறுவதற்கு முன்னாலேயே எடுத்தேன். எனக்குப் பயம் என்று தெரிந்திருந்தால் வேலையே போயிருக்கும். நீதான், "டேய், குடுடா ஹெல்மெட்டை, நான் போறேன்" என்றாய். ஸ்டோர்ஸ்காரனுக்கு ஏற அனுமதியே கிடையாது. உனக்கோ ஏறவேண்டும் என்று உயிர். ஒரே உயரம், ஒரே மெலிவு. ஹெல்மெட்டை மாட்டினால் பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது. என் பெயரில் நீ மேலே போவாய், நான் ஸ்டோர் கொட்டகைக்குள் உன் ஸ்டூலில் ஒளிந்து உட்கார்ந்திருப்பேன்.

திரும்பி வந்ததும் கேன்டீன் பின்னால் டீ குடித்தபடி முழுக்கச் சொல்வாய். யாராவது ஆபீசர் என்னைக் கேட்டால் பதில் சொல்லவேண்டுமே! ஜெட்டில் சத்தம் நமக்குப் பின்னாலேயே தங்கிவிடும், உள்ளே நம் மூச்சுதான் கேட்கும் என்பாய். திரும்பும்போது கை தொடையிலிருந்து எழும்பாது, கன்னம் காலரில் வந்து உட்காரும் என்பாய். ஹெலிகாப்டர் அப்படியில்லை, இறங்கி ஒரு மணி நேரத்துக்கு டம்ளர் கையில் ஆடும் என்பாய். எனக்கு எல்லாம் அப்படியே இருக்கிறது. மழையில் போன ஆறாவது பறப்பில் நீ பார்த்ததை மட்டும் நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை, கோவிந்து. அது அவ்வளவு நல்லது. சொல்ல மனசு வரவில்லை.

உன் முதுகுக்கு இங்கே நல்ல எலும்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா, ஆட்டோ அனுப்புகிறேன். என் மகன் நோயல் பைலட் ஆகவேண்டும் என்று பரீட்சை எழுதிப் பாஸ் செய்துவிட்டான். ஜனவரியில் மைசூரில் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு.

என்றும் உன்
ஆம்ப்ரோஸ்


ஒக்கலிபுரம்
2.12.1999

ஆம்ப்ரோஸுக்கு,

எலும்பு டாக்டரையா கேட்டேன்? நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், நான் கேட்டது ஒரு வரியிலும் இல்லை. ஃபோனில்தான் பேச்சை மாற்றுவாய் என்று நினைத்தேன், கடிதத்திலும் உனக்குக் கை வருகிறது!

நீ மறந்திருப்பாயோ என்று அந்த நாளை எழுதுகிறேன். 1979, மார்ச். வடக்கே மாற்றலாகிப் போய் ஒரு வருஷம். பதினாலாவது பறப்பு. பைலட் புதுசாக வந்தவர், உன் முகமே தெரியாது, காகிதத்தில் ஆம்ப்ரோஸ் என்ற பெயரைத்தான் பார்த்திருந்தார். இறங்குகிற நேரத்தில் வால் பக்கம் ஒரு உதறல். தரை மேலே வந்து முட்டியது. என் ஸ்டோர் கொட்டகைக்குப் பின்னால், இருநூறு அடியில். அவருக்கு மண்டையில் அடி, நினைவு இல்லை. பெல்ட்டை அவிழ்த்து, அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்து புல்லில் போட்டேன். அப்போது எனக்கு வலியே தெரியவில்லை.

நீ கொட்டகையிலிருந்து ஓடி வந்தாய். நான்தான் சொன்னேன், மறுக்கவில்லை: "நீ இங்க உக்காரு, நான் உள்ள போறேன், இல்லேன்னா ரெண்டு பேருக்கும் கோர்ட் மார்ஷல்." ஏணியிலிருந்து விழுந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றதும் நான்தான். கொட்டகை வரை நடந்தேன். உள்ளே போய் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. கண் விழித்தபோது ஆஸ்பத்திரி.

ஏணி நான் சொன்ன பொய், அதைச் சுமக்கிறேன். குடி எங்கிருந்து வந்தது? துளசி தீர்த்தம் தவிர எதையும் தொடாதவன் நான். மாதா மாதம் என் பங்கு ரம்மை வாங்கி உன்னிடம் கொடுத்துவிடுவேன் என்பது யூனிட்டுக்கே தெரியும். அந்த ஆஸ்பத்திரி டாக்டர் ஏன் அப்படி எழுதினார் என்று இருபது வருஷமாக யோசிக்கிறேன். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவனின் குறிப்பு மாறிப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வேறு என்ன நினைக்க?

நீ சொன்னாயே, எல்லாம் அப்படியே இருக்கிறது என்று. உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. முதல் ஜெட் பறப்பு, இங்கே ஊருக்கு வெளியே. அல்சூர் ஏரி மேலே சாய்ந்து திரும்பினோம். அந்தப் பக்கத்தில்தான் வேதநாயகி பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருந்தாள், ராதா வயிற்றில். எந்த ஓட்டு வீடு என்று தேடினேன். கீழே பார்த்துக் கை ஆட்டினேன், பைத்தியக்காரன் மாதிரி. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதை என் மகளிடம் சொல்லவேண்டும், ஆம்ப்ரோஸ். உன் கடிதம் இல்லாமல் சொன்னால், அப்பா மறுபடியும் குடித்துவிட்டு உளறுகிறார் என்பாள்.

எழுது. கெஞ்சித்தான் கேட்கிறேன், போதுமா?

கோவிந்தராஜன்


விவேக் நகர்
12.1.2000

அன்பு கோவிந்துக்கு,

புது வருஷத்தில் உனக்குக் கெட்ட செய்தி எழுதுகிறேனே என்றிருக்கிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். என்னால் முடியவில்லை மச்சி.

நோயல் வருகிற பதினேழாம் தேதி மைசூர் போகிறான். ஹாலில் என் பாராட்டுப் பத்திரம் மாட்டியிருக்கிறது. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்தவன். இன்டர்வியூவில் ஏன் இந்த வேலை என்று கேட்டால் அப்பாவைச் சொல்லுவேன் என்கிறான். இப்போது போய் அவனிடம் என்னவென்று சொல்ல? ராதாவுக்கு எழுதினால் பரத் வீட்டுக்குத் தெரியும், சங்கத்துக்குத் தெரியும், அப்புறம் வியாழக்கிழமை நவநாளுக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். கோவிலில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பேன்? நக்கோ, வேண்டாம் என்று விட்டுவிடு கோவிந்து, இந்த ஒரு விஷயத்தை மட்டும். இத்தனை வருஷம் பொறுத்தாய்.

கல்யாணத்துக்கு நான் கட்டாயம் வருகிறேன். பரத்தின் அப்பாவைத் தனியாக ஒதுக்கி, நீ தங்கமான ஆள் என்று பக்குவமாகச் சொல்கிறேன். என் வார்த்தைக்கு அவரிடம் மதிப்பு உண்டு.

என்மேல் கோபப்படாதே.

ஆம்ப்ரோஸ்


ஒக்கலிபுரம்
14.2.2000

ஆம்ப்ரோஸ்,

வந்தாய், சந்தோஷம். சாப்பாடு நன்றாக இருந்ததா? முன் வரிசையில் உட்கார வைத்தார்கள், உனக்குப் பன்னீரும் தெளித்தார்கள். எனக்குத் தூண் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. என் மச்சினன் தாரை வார்த்தான். ராதா கை நீட்டியபோது ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அது கூடப் பரவாயில்லை. பந்திக்கு முன்னால் பரத்தின் அப்பா, "சார், அந்த ஹெலிகாப்டர் கதையை நம்ம சொந்தக்காரங்களுக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்டார். பேடா, வேண்டாம் சார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ. என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு எழுந்து நின்று சொன்னாய்! பத்து அடியில் நான். என் மகள் மாலையோடு நின்று கேட்கிறாள். கை தட்டினார்கள். மரியாதைக்கு நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் குடிகாரனுக்குப் பொறாமை என்பார்களே.

ஒரு தப்பு இருந்தது உன் கதையில். பைலட்டை இழுத்தபோது அவர் முனகினார் என்றாய். அவர் முனகவில்லை. முனகினது நான்.

இனி உன்னிடம் கேட்க ஒன்றும் இல்லை.

கோவிந்தராஜன்


விவேக் நகர்
22.4.2000

கோவிந்தராஜனுக்கு,

மச்சி என்று எழுதக் கை வரவில்லை. நேற்று பெரிய வெள்ளி. தவக்காலம் முழுக்கப் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நிற்பேன், என் முறை வரும்போது திரும்பி வந்துவிடுவேன். சாமியாரிடம் சொல்லி என்ன பிரயோஜனம், சொல்லவேண்டியது உன்னிடம் அல்லவா.

அந்த டாக்டர் தப்பாக எழுதவில்லை. உன் சட்டையில் ரம் வாடை இருந்தது. ஊற்றினவன் நான்.

என்னை முதலில் மெடிக்கலுக்குக் கூட்டிப்போனார்கள், வாக்குமூலம் வாங்கினார்கள், கமாண்டிங் ஆபீசர் கை குலுக்கினார். மூன்று மணி நேரம். திரும்பி வந்து கொட்டகையைத் திறந்தால் நீ அப்படியே கிடந்தாய், கூப்பிட்டால் பேச்சு இல்லை. ஏணியைக் கொண்டுவந்து பக்கத்தில் சாய்த்தேன். ஆனால் எட்டடி ஏணியிலிருந்து விழுந்தவனுக்கு இப்படி முதுகு உடையுமா என்று யாராவது கேட்டால்? ஹெலிகாப்டர் விழுந்த அதே நாள், அதே இடம். சந்தேகம் வந்துவிடும் என்று பயம். குடித்திருந்தான் என்றால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். அலமாரியில் அந்த மாதத்து பாட்டில் இருந்தது. உன் பங்கு. இரண்டு நாள் முன்னால் நீ எனக்குக் கொடுத்தது. சட்டையில் ஊற்றினேன், வாயிலும் கொஞ்சம். அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடினேன்.

நீ இரண்டு பேரையும் காப்பாற்ற நினைத்தாய். நான் என்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் நீ கண் விழித்து, "குடின்னு ஏண்டா எழுதியிருக்காங்க?" என்று கேட்டபோது தெரியாது என்றேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. பன்னிரண்டு வருஷம் முன்னால் உன் வீட்டுக்கு வருவதை நிறுத்தினேனே, அதற்கும் காரணம் இதுதான். வேதநாயகி உன்னைப் பேசுகிற பேச்சை அங்கே உட்கார்ந்து கேட்கமுடியவில்லை.

நோயல் தேர்வாகவில்லை. அதனால் துணிந்துவிட்டேன் என்று நினைப்பாய், நினைத்துக்கொள், அதிலும் உண்மை இருக்கிறது. நேற்று இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூல் போட்டு ஏறிப் பத்திரத்தைக் கழற்றி, பேப்பரில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுத்துவிட்டான். இன்று காலை வேலைக்குப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ராதாவுக்கும் பரத்தின் அப்பாவுக்கும் இன்று தனித்தனியாகத் தபாலில் போட்டுவிட்டேன். ரம் விஷயத்தையும் எழுதியிருக்கிறேன். ராதாவுக்கு, நீ போன பதினாலு பறப்பையும் வரிசையாக எழுதினேன், எந்த இயந்திரம், எந்த ஊர், நீ என்ன பார்த்தாய் என்று. உன் பேச்சில் கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். ஆறாவதை மட்டும் விட்டுவிட்டேன். "ஆறாவது, மழை" என்று மட்டும் போட்டிருக்கிறேன். அதையாவது உன் வாயால் நீ சொல்லு.

மன்னிப்புக் கேட்க எனக்கு அருகதை இல்லை. கேட்கிறேன்.

ஆம்ப்ரோஸ்


ஒக்கலிபுரம்
9.5.2000

ஆம்ப்ரோஸுக்கு,

உன் கடிதம் வந்தது. ராதாவுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாளே பரத்தோடு வந்து என் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள், நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பரத்தின் அப்பா இரண்டு தடவை வந்தார். பாவம், என்ன பேசுவதென்று தெரியாமல் பழம் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. காகிதத்தில் இருந்ததை நம்பினார். தாரை வார்த்தது வார்த்ததுதான், அதை யாரும் இனி திருப்பிச் செய்ய முடியாது.

வேதநாயகி நாலாம் நாள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அப்போ நீங்க ஒரு நாளும் குடிச்சதே இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "இருபது வருஷமா நீங்க குடிச்சு வெச்ச டம்ளரையெல்லாம் மோந்து பாத்துக்கிட்டிருந்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் மோந்து பார்ப்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

எனக்கு வரவேண்டிய பெயரை நீ எடுத்துக்கொண்டதை நான் அன்றைக்கே விட்டுவிட்டேன். உட்காரச் சொன்னவன் நான்தானே. மூன்று மணி நேரம் கிடந்ததையும் விட்டுவிடலாம். பாட்டிலைத்தான் முடியவில்லை. முயற்சி செய்யாமல் சொல்லவில்லை, பத்து நாளாக முயற்சி செய்கிறேன். என் வாயைத் திறந்து ஊற்றியிருக்கிறாயே, அதில்தான் வந்து நிற்கிறது. நீ இதை எழுதாமலே இருந்திருந்தால், பக்கத்துக் கட்டில்காரனின் குறிப்பு என்று நினைத்துக்கொண்டே செத்திருப்பேன். அது நன்றாக இருந்திருக்குமா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை.

நோயலிடம் கொஞ்ச நாள் பொறுத்திரு. பிள்ளைகள் திரும்பி வர நேரம் எடுக்கும், எனக்குத் தெரியும்.

எனக்கு இனி எழுதாதே. வரவும் வேண்டாம். வந்தால் வேதநாயகி காபி கொடுப்பாள், நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அது நம் இரண்டு பேருக்கும் நன்றாக இருக்காது.

ராதா ஞாயிற்றுக்கிழமை தோறும் வருகிறாள். உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பறப்பாகக் கேட்கிறாள். அல்சூர் ஏரி மேலே கை ஆட்டினதைச் சொன்னேன். எந்தக் கையால் என்று கேட்டாள். இந்தக் கையால் என்று காட்டினேன், பிடித்துக்கொண்டாள்.

ஆறாவதுக்கு முந்தாநாள் வந்தோம். எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. கேன்டீன் பின்னால் டீ ஆறுகிற வரை உன்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது, உன் வாய் திறந்தபடி இருந்தது ஞாபகம் இருக்கிறது, சொன்னது ஞாபகம் இல்லை. உனக்குத் தெரியும். உன்னைக் கேட்கமாட்டேன்.

அன்றைக்கு நல்ல மழை, ஒன்றும் தெரியவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

கோவிந்தராஜன்